ஒரு நாழிகையும் மூன்று நாளும்

முன்னுரை

தொலைவைக் காலத்தால் அளப்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். மைல் கற்கள் நடப்படுவதற்கு முன்னர் நம் முன்னோர் கூப்பிடு தொலைவு என்றனர். நாழிகை வழி என்றனர். ஒரு பகல் நடை என்றனர். நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் இயல்பாக நடந்து கடக்கும் வழி, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்டது. நிலத்தின் நீளம் ஒன்று, அதனைக் கடக்க மனிதர் படும் பாடு மற்றொன்று என்னும் தெளிவு அவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. ஒரு காதம் சமவெளியில் எளிது, மலையில் அரிது. ஆதலால், ‘எவ்வளவு தூரம்?’ என்ற கேள்விக்கு ‘எவ்வளவு நேரம்?’ என்பதையே விடையாக அவர்கள் கொண்டனர்.

இவ்வுண்மையை விளக்க நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சரவாக் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லையை ஒட்டிய மலைநாட்டில், பாரியோ, பா கெலாலன் என இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இரண்டிலும் சிறு விமான நிலையங்கள் உண்டு. வானத்தில் நேராகப் பறந்தால் ஒரு நாழிகைக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைந்துவிடலாம். காட்டுவழியே நடந்தால் மூன்று நாள் ஆகும். இந்த ஒரு நாழிகைக்கும் மூன்று நாளுக்கும் இடையில் ஒரு மலைநாட்டு மக்களின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் மக்களும்

பாரியோ, கெலாபிட் மேட்டுநிலத்தின் நடுவண் அமைந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாராம் ஆறு பிறப்பது இம்மேட்டுநிலத்திலேயே. இங்கு வாழ்வோர் கெலாபிட் இனத்தவர். இதற்கு வடகிழக்கே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் லுன் பாவாங் மக்கள் வாழும் ஊர் பா கெலாலன். அரசாட்சி முறையில் பாரியோ மிரி பகுதியையும், பா கெலாலன் லாவாஸ் பகுதியையும் சார்ந்தவை. ஆயினும் இவ்விரு மக்களும் உறவினர். இவர்தம் மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை.

போர்னியோவின் உள்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் காட்டைத் திருத்தி எரித்து, இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்த காலத்தில், இம்மலைநாட்டார் வரப்புக் கட்டி, நீர் பாய்ச்சி, நன்செய் நெல் விளைவித்தனர். பாரியோ அரிசி இன்று நாடறிந்த பெயர். பா கெலாலனின் குளிர்ந்த காற்றில் ஆப்பிள் மரங்களும் காய்த்தன. மேட்டுநிலத்தில் உப்பு ஊற்றுகளும் உள்ளன. அவ்வூற்று நீரைக் காய்ச்சி உப்பெடுத்து, இலையிற் பொதிந்து பண்டமாற்றுச் செய்வது இவர்களின் தொன்மையான தொழில். கடலை விட்டு இத்தனை தொலைவில் வாழ்ந்த மக்கள் உப்புக்குக் கடலை நம்பியிருக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

இவ்விரு ஊர்களுக்கும் இடையில் முருட் மலை நிமிர்ந்து நிற்கிறது. 2,424 மீட்டர் உயரமுள்ள இம்மலையே சரவாக்கின் மிக உயர்ந்த சிகரம். சற்று மேற்கே பாத்து லாவி என்னும் இரட்டைப் பாறைச் சிகரம், 2,046 மீட்டர் உயரத்தில் தூண்போல் எழுந்து நிற்கிறது. இவ்விரண்டும் இனி வரும் வரலாற்றில் பங்கு கொள்பவை.

வரைபடக் கணக்கு

மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கை இங்குத் தருகிறேன். பாரியோ விமான நிலையம் வட அகலாங்கு 3 பாகை 44 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 115 பாகை 29 கலையிலும் உள்ளது. பா கெலாலன் நிலையம் வட அகலாங்கு 3 பாகை 58 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 115 பாகை 37 கலையிலும் உள்ளது. நுணுக்கமாகப் பார்த்தால், அகலாங்கு வேறுபாடு 14 கலைக்குச் சற்று மேல். நெட்டாங்கு வேறுபாடு 8 கலைக்குச் சற்று மேல். அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நெட்டாங்கின் ஒரு கலையும் ஏறக்குறைய அதே நீளந்தான். இனி, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணும் விதியைப் பயன்படுத்தினால் விடை 16½ கடல் மைலாக வரும். கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 31.

அம்மலைநாட்டிற் பல்லாண்டுகள் பறந்த ‘டுவின் ஓட்டர்’ விமானத்தின் சீரான வேகம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் என்று கொள்வோம். அஃதாவது நிமிடத்திற்கு 4½ கிலோமீட்டர். 31 கிலோமீட்டரைக் கடக்க 7 நிமிடம் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் விமானம் தரையிலிருந்து எழ வேண்டும். வளைந்து உயர வேண்டும். முருட் மலையின் தோளை விலக்கிச் செல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் இறங்கி ஓடுபாதைக்கு நேர்வர வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். குறுகிய தொலைவுப் பயணத்தில் பறக்கும் நேரத்தை விட ஏறி இறங்கும் நேரமே மிகுதி என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

இதே ஊர்களுக்கிடையே கால்நடையாகச் செல்வோர், பாரியோவிலிருந்து புறப்பட்டுப் பா லுங்கான் சிற்றூரை அடைந்து, காட்டில் இரவு தங்கி, மலை முகடுகளைத் தாண்டிச் செல்வர். அந்த ஒற்றையடிப் பாதையின் ஒரு பகுதி இந்தோனேசிய மண்ணில் செல்கிறது. வலிய கால்களுக்கு இரண்டு நாளும், மற்றவர்க்கு மூன்று நாளும் பிடிக்கும் வழி அது. எல்லைக்கோடு வரைபடத்தில் வந்தது பிற்காலத்தில். பாதை அதற்கு முற்பட்டது.

கால்வழிக் காலம்

விமானம் வருமுன் இம்மலைநாட்டின் தொலைவு எத்தகையது? 1882-ஆம் ஆண்டில் பாராம் ஆற்றுப் பகுதி புருணை சுல்தானிடமிருந்து சார்ல்ஸ் புரூக் ஆட்சிக்கு வந்தது. மாருடியில் கோட்டை ஒன்று எழுந்தது. 1905-இல் லாவாஸ் பகுதியும் சரவாக்குடன் சேர்ந்தது. ஆட்சியின் கை, கடற்கரையிலிருந்து ஆற்றின் வழியே மேலேறியது. ஆறு எதுவரை படகைத் தாங்குமோ அதுவரைதான் அக்கை எளிதில் நீண்டது. அருவிகளும் பாறைகளும் நிறைந்த மேலாற்றைக் கடந்து, பின்னர்க் கால்நடையாக மலை ஏறிக் கெலாபிட் மேட்டுநிலத்தை அடைய வாரக்கணக்கில் ஆயிற்று. மாருடிக்கும் பாரியோவுக்கும் வானவழித் தொலைவு சுமார் 137 கிலோமீட்டரே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தகைய வழியில், முதுகிற் சுமக்கக்கூடிய பொருள் மட்டுமே வர முடியும். கடற்கரையிலிருந்து வந்த பழஞ்சாடிகளும் வெண்கலச் சேகண்டிகளும் நீண்ட வீடுகளிற் பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்டதற்கு அவற்றின் அழகு மட்டுமே காரணமன்று. அவற்றைக் கொண்டுவந்த தோள்களின் உழைப்பும் காரணம்.

ஆனால் அக்காலத்தில் மலைநாட்டுக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் தொலைவானவராய் இருந்தனரா? இல்லை. பாரியோவிலிருந்து மாருடிக்கு வாரங்கள் ஆன காலத்தில், பா கெலாலன் பக்கத்து ஊர்களுக்கு இரண்டு மூன்று நாள்தான். எனவே, கடற்கரை அவர்களுக்கு நெடுந்தொலைவு. அண்டை மலை அவர்களுக்கு அண்டையே. உப்பு அப்பாதையில் சென்றது. மணமகளும் அப்பாதையில் சென்றாள். விழாவுக்கு அழைப்பும் அப்பாதையில் சென்றது. பெருவிழாக் காலங்களில் கெலாபிட் மக்கள் கற்களை நாட்டினர். மலை முகட்டில் மரங்களை வெட்டி, தொலைவிலிருந்தும் தெரியுமாறு இடைவெளி அமைத்தனர். தமக்கென ஒரு நடுவிடமும் தமக்கென ஒரு சுற்றுவட்டமும் உடைய உலகம் அது. தன்னை ஒரு மூலை என்று அவ்வுலகம் எண்ணியதில்லை.

வான்குடையும் மூங்கில் ஓடுபாதையும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மிரியில் இறங்கினர். கடற்கரை நகரங்கள் அவர்கள் வசமாயின. மலைநாட்டை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதனை அடைவது அத்துணை கடினம். அக்கடினமே நேச நாடுகளின் கண்ணுக்கு நன்மையாகத் தோன்றியது. ஜப்பானியர்க்குத் தொலைவான இடத்தில் வானிலிருந்து இறங்கினால், உள்நாட்டு மக்களின் துணையோடு கடற்கரை நோக்கி முன்னேறலாம் என்று கருதினர். இத்திட்டத்திற்கு ‘செமுட்’ என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் அதற்கு எறும்பு என்று பொருள்.

1945 மார்ச் 25-ஆம் நாள், பிலிப்பைன்சின் மிண்டோரோ தீவிலிருந்து புறப்பட்ட இரண்டு ‘லிபரேட்டர்’ விமானங்கள் மேட்டுநிலத்தின் மேல் வந்தன. ஆங்கிலேயரான டாம் ஹாரிசனும் உடன் எழுவரும் வான்குடை கட்டிப் பாரியோ சமவெளியிற் குதித்தனர். எங்கும் ஒரே பசுமையாகப் பரந்த காட்டின்மேல் வழி கண்டுபிடிக்கப் பாத்து லாவியின் இரட்டைச் சிகரமே விமானிகளுக்கு அடையாளமாக உதவியது. வீரர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய விமானங்களுள் ஒன்று தளம் சேரவில்லை. அதிலிருந்தோர் அனைவரும் மறைந்தனர். 1946-இல் ஹாரிசன் பாத்து லாவி மீதேறி அவர்களுக்கு நினைவுப் பலகை ஒன்றை வைத்தார்.

வானிலிருந்து இறங்க வான்குடை போதும். மீண்டும் வானேறுவது எங்ஙனம்? பின்னர் ஹாரிசன் தம் தலைமையிடத்தை எல்லைக்கு அப்பால், பா கெலாலனுக்கு அண்மையிலுள்ள பெலாவிட் என்னும் இடத்திற்கு மாற்றினார். அங்கு ஓடுபாதை அமைக்க முற்பட்டபோது பெரிய இடையூறு எழுந்தது. சமமான நிலம் என்று இருந்ததெல்லாம் சேறு நிறைந்த நெல்வயல். மலைநாட்டு மக்கள் மூங்கிலைப் பிளந்து அச்சேற்றின் மேல் பரப்பி ஓடுபாதை செய்தனர். 1945 ஜூனில், ஆஸ்திரேலியப் படைகள் லாபுவானில் இறங்கிய அதே திங்களில், ‘ஆஸ்டர்’ என்னும் சிறு விமானங்கள் இம்மூங்கில் தளத்தில் வந்திறங்கின. போரில் வீழ்ந்து, ஊர் மக்களால் மாதக்கணக்கில் மறைத்துக் காக்கப்பட்ட அமெரிக்க விமான வீரர்கள் அவ்வழியே வெளியேறினர்.

வாரக்கணக்கான தொலைவு மணிக்கணக்காகச் சுருங்கியது இவ்வாறுதான். அச்சுருக்கத்தின் அடியில் கிடந்தவை அம்மக்களின் வயலும், அவர்தம் மூங்கிலும், அவர்தம் கைகளும் ஆகும். வரலாற்று நூல்கள் வானிலிருந்து குதித்தவரின் பெயரைப் பொறிக்கின்றன. மூங்கில் பிளந்தவர்களின் பெயர்களுக்கும் அவற்றில் இடமிருக்க வேண்டும்.

புல்தரைத் திடல்கள்

போர் முடிந்தது. 1946-இல் பா மைன் என்னும் இடத்தில் கெலாபிட் மேட்டுநிலத்தின் முதற்பள்ளி தொடங்கப்பெற்றது. எழுத்தறிவு வந்த வேகம் வியக்கத்தக்கது. ஒரு தலைமுறைக்குள் இச்சிறு இனத்திலிருந்து ஆசிரியரும் அதிகாரிகளும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளும் தோன்றினர்.

1928-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற போர்னியோ சமயப் பரப்புச் சங்கத்தார், போருக்கு முன்னரே லுன் பாவாங் மக்களிடையே பணியாற்றி வந்தனர். 1950-களில் அவர்கள் சிறு விமானங்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஊர்தோறும் மக்கள் மண்வெட்டியும் கூடையும் கொண்டு மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிப் புல்தரைத் திடல்களை அமைத்தனர். நோயாளியை ஏற்றிச் செல்லவும், மருந்தும் புத்தகமும் கொண்டுவரவும் அத்திடல்கள் பயன்பட்டன. மழை பெய்தால் திடல் நனையும். நனைந்தால் விமானம் இறங்காது. எனவே, ஊரின் தொலைவு நாளுக்கு நாள் மாறியது. வெயில் நாளில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த நகரம், மழை நாளில் மீண்டும் வாரத் தொலைவுக்குப் போய்விட்டது.

1963-ஆம் ஆண்டு இந்தோனேசியாவுடன் எதிர்ப்பு நிலை மூண்டது. எல்லையை ஒட்டிய பாரியோவும் பா கெலாலனும் படைத் தளங்களாயின. சாலையற்ற அவ்விடங்களுக்கு உணவும் படைக்கருவியும் வானிலிருந்தே வந்தன. வான்குடையிற் கட்டி இறக்கப்பட்டன. எல்லையோரச் சிற்றூர்கள் பலவற்றின் மக்கள் பாதுகாப்புக் கருதிப் பாரியோவுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1966 ஆகஸ்டில் அமைதி திரும்பியது. பெயர்ந்தவர்களுட் பலர் பாரியோவிலேயே தங்கினர். ஓடுபாதையும் பள்ளியும் மருந்தகமும் அங்கு இருந்தன அல்லவா? முன்னாளில் ஊர் இருந்த இடத்திற்குப் பாதை சென்றது; இப்போது ஓடுபாதை இருந்த இடத்திற்கு ஊர் வந்தது.

எடை பார்த்து ஏற்றும் பயணம்

அமைதிக் காலத்தில் மலைநாட்டு விமானப் பயணம் அரசின் துணையோடு நடைபெறும் பொதுச் சேவையாயிற்று. மலேசிய-சிங்கப்பூர் விமான நிறுவனமும், 1972-இல் பிரிந்த பின் மலேசிய விமான நிறுவனமும் இச்சேவையை நடத்தின. முதலில் ‘ஐலண்டர்’ என்னும் சிறு விமானங்களும், பின்னர் 19 பேர் அமரும் ‘டுவின் ஓட்டர்’ விமானங்களும் பறந்தன. 2006-இல் வேறொரு நிறுவனம் இப்பணியை ஏற்றது. 2007 அக்டோபர் 1 முதல் மாஸ்விங்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனத்தை வாங்கும் ஒப்பந்தத்தில் சரவாக் அரசு கையெழுத்திட்டது. எவர் நடத்தினும் இச்சேவை ஆதாயம் தரும் வணிகமாக இருந்ததில்லை. அரசின் உதவித் தொகையே அதனை வானில் நிறுத்தி வந்தது.

இவ்வகைப் பயணத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. பயணி தம் பொதியோடு தாமும் தராசில் ஏற வேண்டும். கோலாலம்பூர்ப் பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதைகள் ஏறத்தாழ 4,000 மீட்டர் நீளமுள்ளவை. பாரியோ, பா கெலாலன் ஓடுபாதைகளோ 700 மீட்டருக்கும் குறைவாக இருந்தவை. உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் இறக்கைக்குத் தூக்கும் ஆற்றலும் குறைகிறது. குறுகிய தளம், மெல்லிய காற்று, சுற்றிலும் மலை ஆகிய மூன்றும் சேர்ந்து, ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்க்கச் செய்கின்றன. வழிகாட்டும் கருவிகளை நம்பி மேகத்துக்குள் இறங்குதல் அங்கு இயலாது. விமானி தம் கண்ணால் தரையைக் காண வேண்டும். காலையில் பள்ளத்தாக்கை நிறைக்கும் மூடுபனி கலையும்வரை காத்திருப்பதும், பிற்பகல் மழைமேகம் திரளுமுன் திரும்பிவிடுவதும் அவ்வானத்தின் நியதிகள்.

அந்நியதியின் கடுமையை நாடு ஒருமுறை துயரத்தோடு உணர்ந்தது. 2004 ஜூலை 12-ஆம் நாள், பாரியோவிலிருந்து பா கெலாலனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் ஒன்று வழியில் மறைந்தது. பா கெலாலன் சட்டமன்ற உறுப்பினரும் மாநிலத் துணை அமைச்சருமான ஜட்சன் சாகாய் தாகால் உட்பட எழுவர் அதில் இருந்தனர். பல நாள் தேடலுக்குப் பின்னரே மலைக்காட்டில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. எவரும் உயிர் பிழைக்கவில்லை. ஒரு நாழிகையில் முடிய வேண்டிய பயணம் அது. 31 கிலோமீட்டர் என்ற எண், அக்காட்டின் அடர்த்தியையும் அம்மலையின் உயரத்தையும் தனக்குள் காட்டுவதில்லை.

மலையைச் சுற்றிவரும் வழி

இனி, இவ்வரலாற்றின் மையமான கேள்விக்கு வருவோம். விமானம் வந்ததனால் பாரியோவும் பா கெலாலனும் ஒன்றுக்கொன்று நெருங்கினவா?

விமானச் சேவைகள் மலைநாட்டுக்கும் கடற்கரை நகரங்களுக்கும் இடையிலேயே பெரிதும் அமைந்தன. பாரியோ மிரியோடும் மாருடியோடும் இணைக்கப்பட்டது. பா கெலாலன் லாவாசோடு இணைக்கப்பட்டது. அரசு அலுவலகமும் மருத்துவமனையும் சந்தையும் கடற்கரையில் இருப்பதால் இது இயல்பே. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரு மலையூர்களுக்கும் நேரடிச் சேவை இல்லாத காலத்தில், வானவழியே செல்ல விரும்பும் ஒருவர் முதலில் பாரியோவிலிருந்து மிரிக்குச் சுமார் 178 கிலோமீட்டர் பறக்க வேண்டும். மிரியிலிருந்து லாவாசுக்குச் சுமார் 168 கிலோமீட்டர். லாவாசிலிருந்து பா கெலாலனுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மொத்தம் 446 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். 31 கிலோமீட்டர் அப்பாலுள்ள உறவினரைக் காண அதனைப் போல் பதினான்கு மடங்கு பறக்க வேண்டியதாயிற்று. இணைப்பு விமானம் மறுநாள்தான் என்றாலோ, மேகம் வழிமறித்தாலோ, நடந்தே போயிருக்கலாம் என்று எண்ணத் தோன்றும்.

ஆகவே, விமானம் தொலைவைக் குறைத்தது என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையாகாது. அது மலைக்கும் நகரத்துக்கும் உள்ள தொலைவைக் குறைத்தது. மலைக்கும் மலைக்கும் உள்ள தொலைவை, ஒப்புநோக்கில் மிகுதியாக்கியது. முன்னர் அண்டை வீடு மூன்று நாள், நகரம் மூன்று வாரம் என்று இருந்தால், பின்னர் நகரம் ஒரு மணி நேரம், அண்டை வீடு மூன்று நாளே என்றாயிற்று. காலடிப் பாதை மாறவில்லை. அதனை அளக்கும் மனம் மாறிவிட்டது. தமக்கெனச் சுற்றுவட்டம் உடைய நடுவிடமாய் இருந்த ஊர், நகரத்திலிருந்து நீளும் ஒரு கோட்டின் கடைசிப் புள்ளியாயிற்று. ‘ஒதுக்குப்புறம்’ என்ற சொல் அவ்வூருக்குப் பொருந்தத் தொடங்கியது அப்போதுதான்.

வரவும் செலவும்

இதனைக் கூறுவதால் விமானத்தைக் குறை கூறுவதாக எவரும் கருதலாகாது. பேறுகாலத் துன்பத்தில் தவித்த தாய்மார்க்கும், பாம்பு தீண்டிய உழவர்க்கும் ஒரு மணி நேரம் என்பது உயிர். 1973-இல் சரவாக்கில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை, சாலையே காணாத ஊர்களுக்கு மருத்துவரை வானவழியே கொண்டு சேர்த்தது. ஆசிரியரும் பாடநூலும் தேர்வுத்தாளும் வந்தது அவ்வழியேதான்.

ஆயினும் வழி என்பது இரு திசையிலும் செல்வது. அரிசி கீழிறங்கியது, அரிசி விளைவிக்கும் இளைஞரும் கீழிறங்கினர். மேற்படிப்புக்குச் சென்றவர் வேலைக்கு நின்றனர். வேலைக்கு நின்றவர் குடும்பம் அமைத்தனர். இன்று கெலாபிட் மக்களில் பெரும்பாலோர் மிரி முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். நகரத்திற் பிறந்த பேரப்பிள்ளைகள் பண்டிகைக்கு மலைக்கு வருகையில் பாட்டியோடு எம்மொழியிற் பேசுவது என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்வி தமிழாசிரியர்க்குப் புதியதன்று.

தொலைவைக் குறைக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. 1990-களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம் ‘இ-பாரியோ’ என்னும் திட்டத்தால் துணைக்கோள் வழியே கணினி இணையத்தை ஊருக்குக் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கதிரவன் தந்தான். இந்நூற்றாண்டில் மரம் வெட்டுவோரின் மண்சாலைகளும் மலையை எட்டின. லாவாசிலிருந்து பா கெலாலனுக்கு வண்டியிற் செல்ல அரைநாள். மிரியிலிருந்து பாரியோவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். மழைக்காலத்தில் அதற்கும் உறுதியில்லை. செய்தி ஒரு நொடியில் செல்கிறது; அரிசி மூட்டை ஒரு பகலும் இரவும் பயணம் செய்கிறது. ஒரே ஊருக்கு இன்று பல தொலைவுகள் இருக்கின்றன.

முடிவுரை

சரவாக்கின் மலைமூலையில் நிகழ்ந்த இவ்வரலாறு நமக்கு எதனைக் கற்பிக்கிறது? தொலைவு என்பது இயற்கை வகுத்தது மட்டுமன்று. வழி அமைப்போர் வகுப்பதும் ஆகும். எங்கு ஓடுபாதை அமைகிறது, எங்குச் சாலை முடிகிறது, எங்குப் பள்ளி நிற்கிறது என்னும் முடிவுகள் ஓர் ஊரை அருகாக்கும்; மற்றோர் ஊரைத் தொலைவாக்கும்.

தீபகற்பத்துத் தோட்டங்களில் நம்மவர் வாழ்விலும் இதுவே நிகழ்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திற் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பணித்தது. அதனால் பள்ளி, கூப்பிடு தொலைவில் வந்து நின்றது. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும், பள்ளிகள் மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியது. ஒரு பள்ளி மூடப்படும் நாளில் வரைபடத்தில் எதுவும் நகர்வதில்லை. ஆனால் ஒரு சிறுவனின் தமிழ் வகுப்பு, நடந்து எட்டும் இடத்திலிருந்து பேருந்து பிடித்துச் செல்லும் இடத்திற்குப் போய்விடுகிறது. பேருந்து இல்லையேல் அது பா கெலாலன் போல் ஆகிவிடுகிறது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்கள் வரலாறும் புவியியலும் கற்பிக்கையில் அளவுகோலை மட்டும் மாணவர் கையில் கொடுத்து நிறுத்திவிடலாகாது. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்ட பிறகு, அதனைக் கடக்க யாருக்கு எவ்வளவு நேரம் என்றும் கேட்கச் செய்ய வேண்டும். விமானத்தில் செல்பவர்க்கு எவ்வளவு? நடப்பவர்க்கு எவ்வளவு? நோயாளிக்கு எவ்வளவு? பள்ளிப் பிள்ளைக்கு எவ்வளவு? இவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் மாணவன், ஒரு நாட்டின் வரைபடத்தில் கோடுகளோடு மக்களையும் காண்பான். நாழிகையால் வழி அளந்த நம் முன்னோர், நடப்பவரின் காலை மறவாமல் அளந்தனர். அம்முறையை நம் வகுப்பறைகளில் மீண்டும் வழக்கிற்குக் கொண்டு வருவோமாக.